போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் பழைய வேலைகளின் சிக்கல்களைச் சரிசெய்வது எப்படி?

அரச மலேசியப் போலீஸ் படைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வெளிவந்ததும் நம் இளைஞர்கள் உயரத்தையும் எடையையும் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் தேர்ச்சியையும் சரிபார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே திடலில் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். இதற்கு முன் பார்த்த வேலைகளில் நேர்ந்த சிக்கல்களையோ நேர்முகத் தேர்வு அறையில் கேள்வி எழும்வரை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. எச்சரிக்கைக் கடிதம், பணிநீக்கம், சொல்லாமல் வேலையை விட்டு நின்றது, முதலாளி கொடுத்த போலீஸ் புகார் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தனியார் வேலைகளில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, கான்ஸ்டபளாகவோ இன்ஸ்பெக்டராகவோ சேர விரும்புகிறவர்கள் அந்தச் சிக்கல்களை எப்படிக் கையாளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முடிவெடுப்பவர் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. போலீஸ் படையில் நியமனம் செய்யும் அதிகாரம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 140-ஆவது விதியின்கீழ் அமைந்த போலீஸ் படை ஆணையத்திடம் இருக்கிறது. போலீசுக்குப் பொறுப்பான அமைச்சர் அதன் தலைவர், போலீஸ் படைத் தலைவர் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். நியமனத்துக்கு முன் நடக்கும் ‘தாப்பிசான் கெசெலாமாத்தான்’ என்னும் பாதுகாப்புச் சோதனையில் உங்கள் குடும்பம், கல்வி, வேலை, குற்றப் பதிவு எல்லாம் பார்க்கப்படும். வங்கியோ ஹோட்டலோ ஒருவரைப் பற்றி விசாரிக்க வெளியில்தான் கேட்க வேண்டும். போலீஸ் படையிடமோ 1969-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள், விரும்பத்தகாதோர் பதிவுச் சட்டத்தின்கீழ் உள்ள பதிவுகளும், நாடு முழுவதும் போலீஸ் நிலையங்களில் கொடுக்கப்பட்ட புகார்களும் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே பட்டர்வொர்த்தில் நடந்த ஒன்று போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானுக்குத் தெரியவராது என்று நினைத்துப் படிவத்தை நிரப்புவது வீண் துணிச்சல்.

என் கணிப்பில், வேலையிடத்தில் நடந்த தவற்றைக் காட்டிலும் அதைப் பற்றி விண்ணப்பதாரர் எழுதியதும் மற்றவர் வைத்திருக்கும் தாள்களில் உள்ளதும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுதான் அதிகச் சேதம் செய்கிறது. ஆகவே படிவத்தைத் திறப்பதற்கு முன் அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று நீங்கள் படித்திருக்க வேண்டும்.

தாள்களைச் சேகரிப்பது

இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையிலிருந்து தொடங்குங்கள். எந்தெந்த மாதங்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். அந்த மாதங்களைக் கொண்டே வேலை வரலாற்றின் எலும்புக்கூட்டை அமைத்துவிட முடியும். அடுத்து, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இறுதிக்குள் முதலாளி தர வேண்டிய ஈஏ படிவங்கள் (ஆண்டு வருமான விவரம்), சம்பளச் சீட்டுகள், சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பதிவு, நியமனக் கடிதம், வேலையை விட்டபோது கொடுத்த அல்லது பெற்ற கடிதம் ஆகியவற்றைத் தேடியெடுங்கள்.

இவற்றை வரிசைப்படுத்தும்போது ஒரு சிறு பிசகு அடிக்கடி தலைகாட்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பெரிய மின்னணுத் தொழிற்சாலையின் சீருடையை அணிந்து இரண்டு ஆண்டுகள் வேலை செய்த ஒருவர், படிவத்தில் அந்தத் தொழிற்சாலையின் பெயரைத்தான் எழுதுவார். அவருடைய சம்பளச் சீட்டிலும் ஈஏ படிவத்திலும் இருப்பதோ ஆள் அனுப்பும் ஏஜென்ட் நிறுவனத்தின் பெயர். தொழிற்சாலையைத் தொடர்புகொண்டால் இப்படி ஒருவர் எங்கள் ஊழியர் பட்டியலில் இல்லை என்ற பதில் வரலாம், அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். இதைத் தவிர்க்க, முதலாளி என்ற இடத்தில் ஏஜென்ட் நிறுவனத்தின் பெயரையும், பணியிடம் என்ற இடத்தில் தொழிற்சாலையின் பெயரையும் எழுத வேண்டும். பாதுகாவலர் வேலை, துப்புரவு வேலை, பேரங்காடி விளம்பர வேலை பார்த்தவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

சில மாதங்கள் காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உணவகங்களிலும் கடைகளிலும் கையில் சம்பளம் வாங்கி வேலை செய்தவர்களுக்கு இபிஎஃப் சந்தா கட்டப்படாமலே போயிருக்கும். சந்தா கட்டாதது முதலாளியின் குற்றமே தவிர ஊழியருடையது அன்று. அந்தக் காலத்தில் எங்கே, யாரிடம், என்ன வேலை செய்தீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள், ‘தாளில் இல்லாத வேலையை ஏன் எழுதுகிறாய், தம்பி?’ என்று கேட்பது வழக்கம். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் யோசனைதான், ஆனாலும் இதைவிட மோசமான யோசனை வேறில்லை. ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன் என்று சொல்லும் ஒருவரை அக்கம்பக்கத்தார் அதே ஆறு மாதமும் கடைக் கல்லாவில் பார்த்திருப்பார்கள்.

கடிதங்கள் தொலைந்துபோயிருந்தால் பழைய முதலாளியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவுகளைப் பார்க்கக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. கோரிக்கை கிடைத்த 21 நாட்களுக்குள் அதற்கு இணங்க வேண்டும் என்பது பொது விதி. எச்சரிக்கைக் கடிதங்களின் நகல், உள்விசாரணைக் குறிப்பு, பணிநீக்கக் கடிதம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பது பலன் தரும். இந்தச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்பதால், போலீஸ் படையிடம் போய் ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்’ என்று இதைக் காட்டிக் கேட்க இயலாது.

எந்தச் சிக்கலுக்கு எவ்வளவு கனம்

எல்லாப் பணிநீக்கமும் ஒரே எடை கொண்டதன்று. போலீஸ்காரர் சாட்சி சொல்கிறவர், கைப்பற்றிய பொருளுக்கும் பணத்துக்கும் பொறுப்பேற்கிறவர், ஆயுதம் தாங்குகிறவர். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பழைய சிக்கலைப் பார்த்தால் அதன் கனம் ஓரளவு தானாகவே புலப்படும்.

நேர்மை சம்பந்தப்பட்டவை எல்லாவற்றிலும் கனமானவை. கல்லாப் பணம் குறைந்தது, சரக்கை வெளியே விற்றது, வருகைப் பதிவு அட்டையை நண்பருக்காகத் தட்டியது, போலி மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கொடுத்தது ஆகியவை இந்த வகையில் சேரும். கடைசியாகச் சொன்னதை நம்மில் பலர் விளையாட்டுத்தனமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் லீவுக்காக ஐம்பது வெள்ளி கொடுத்து வாங்கிய எம்சி தானே என்பார்கள். போலி ஆவணத்தை உண்மையானது போலப் பயன்படுத்துவது குற்றவியல் சட்டத் தொகுப்பின் 471-ஆவது பிரிவின்கீழ் குற்றம். மூன்று முறை தாமதமாக வந்து மூன்று எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவரையும், ஒரே ஒரு போலி எம்சி கொடுத்து வேலை இழந்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், நான் முதலாமவருக்குத்தான் கதவைத் திறப்பேன். தேர்வு அதிகாரியும் அப்படித்தான் நினைப்பார் என்று எதிர்பார்ப்பதே விவேகம்.

அடுத்த கனம் வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் உரியது. கேண்டீனில் நடந்த கைகலப்பாக இருந்தாலும், மேற்பார்வையாளரை மிரட்டியதாக இருந்தாலும், யார் முதலில் தொடங்கினார் என்பது உள்விசாரணைக் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தின் நகல் உங்களுக்குத் தேவை. பணியிடத்துச் சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் கண்டறியப்பட்டு வேலை போயிருந்தால், அதை வேலைப் பிரச்சினை என்ற தலைப்பின்கீழ் அடக்க முடியாது. விண்ணப்பிக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தாமதம், அடிக்கடி விடுப்பு, வேலை இலக்கை எட்டாதது, மேலாளருடன் ஒத்துப்போகாதது ஆகியவை நடுத்தரமானவை. இவற்றில் அதிகாரிகள் கவனிப்பது திரும்பத் திரும்ப நிகழ்ந்ததா என்பதையே. பதினெட்டு வயதில் ஓர் இடத்தில் சரியாக வராமல் இருந்துவிட்டு, அடுத்த வேலையில் மூன்று ஆண்டுகள் ஒழுங்காக இருந்தவர் தம் பதிவைத் தாமே திருத்திக்கொண்டவர். ஐந்து இடங்களிலும் அதே காரணத்துக்காக நின்றவருக்கு விளக்கக் கடிதம் உதவாது. நிலையான ஒரு வேலையில் இன்னும் ஓர் ஆண்டு இருந்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

ஆட்குறைப்பில் வேலை இழந்ததைக் குறையாக நினைக்க வேண்டியதே இல்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு பினாங்கு ஹோட்டல்களிலும் கோலாலம்பூர் பேரங்காடிகளிலும் வேலை இழந்தவர்கள் அநேகர். சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை பெற்றவர்கள் அந்த ஒப்புதல் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். தவறு செய்ததால் நீக்கப்பட்டவருக்கும் தாமாக வேலையை விட்டவருக்கும் அந்தத் திட்டம் உதவித்தொகை தருவதில்லை. எனவே முதலாளியின் சான்றிதழை விடவும் அந்தக் கடிதம் உங்களுக்காக உரக்கப் பேசும்.

துணைப் போலீசாக இருந்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். துணைப் போலீஸ் 1967-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட ஒன்று என்பதால், சம்பளம் கொடுத்தது தனியார் நிறுவனமாக இருந்தாலும் அங்கே ஏற்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை வெறும் நிறுவன விவகாரமாக எண்ணிவிடாதீர்கள். கிராப், ஃபுட்பண்டா ஓட்டியவர்களுக்கு முதலாளியின் கடிதம் என்று ஒன்று இருக்காது. அவர்கள் தங்கள் கட்டப்படாத போக்குவரத்துச் சம்மன்களை முதலில் பார்க்கட்டும். சேர விரும்பும் படையே கொடுத்த சம்மனைக் கட்டாமல் அதன் நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்காருவது அழகல்ல.

சொல்லாமல் நின்றுவிட்டவர்கள்

இதுதான் மிக அதிகமாக நடப்பது, சரிசெய்ய மிக எளிதானதும் இதுவே. சம்பளம் வந்த மறுநாள் முதல் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவது நம் இளைஞர்களிடம் மட்டுமல்ல, எல்லாரிடமும் உள்ள பழக்கம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, முன் அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எழுதப்படாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம் என்று சட்டம் வைத்திருக்கிறது. அறிவிப்புக் கொடுக்காமல் நின்றவர் அந்தக் காலத்துக்குரிய சம்பளத்தை ஈடாகத் தர வேண்டியவர். பல நிறுவனங்கள் அதைக் கேட்காமலே விட்டுவிட்டு, கோப்பில் மட்டும் ‘ஓடிப்போனவர்’ என்று எழுதி வைத்துவிடும்.

அந்தச் சொல் கோப்பில் இருக்கும்போது விண்ணப்பிக்க வேண்டாம். மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி, இன்ன தேதியில் அறிவிப்பின்றி நின்றதை ஒப்புக்கொண்டு, அறிவிப்புக்கு ஈடான தொகை ஏதும் பாக்கி இருந்தால் செலுத்தத் தயார் என்று சொல்லி, பாக்கி இல்லை என்ற உறுதிக் கடிதத்தைக் கேளுங்கள். சீருடை, நுழைவு அட்டை, அலமாரிச் சாவி எதையாவது திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் பழைய நுழைவு அட்டையோடு வந்து நிற்பதைப் பார்த்து மனிதவளப் பிரிவில் சிரிப்பார்கள்தான். கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கட்டும்.

பணிநீக்கமும் உள்விசாரணையும்

வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகே தவறு செய்த ஊழியரை முன்னறிவிப்பின்றி நீக்கலாம் என்கிறது. உங்களுக்குக் காரணம் கேட்கும் ‘சூராட் துஞ்சோக் செபாப்’ வந்ததா, அதற்கு என்ன பதில் எழுதினீர்கள், விசாரணை நடந்ததா என்பதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அன்று கோபத்தில் எழுதிய பதில் கடிதம்தான் இன்று உங்கள் வாக்குமூலமாக அந்தக் கோப்பில் கிடக்கிறது. இப்போது சொல்லப்போவது அதற்கு மாறாக இருந்தால், ஏன் மாறுகிறது என்பதற்குப் பதில் வேண்டும்.

நீக்கம் நியாயமற்றது என்று நினைப்பவர்கள் 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ் முறையிடலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முறையீடு செய்தாக வேண்டும்; அதற்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். தொழிலுறவு இலாகாவில் நடக்கும் சமரசப் பேச்சில் தீராத வழக்குகள் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். இப்போதுதான் வேலை இழந்து, பிறகு போலீசில் சேரும் எண்ணமும் உள்ளவர்கள், நஷ்ட ஈட்டுத் தொகையைப் பற்றி மட்டும் பேசாமல், வேலையிலிருந்து பிரிந்த காரணம் கடிதத்தில் எப்படி எழுதப்படும் என்பதையும் அந்தச் சமரச மேசையிலேயே பேசி முடிக்க வேண்டும். முதலாளியை எதிர்த்து முறையிட்டவர் என்ற பெயர் போலீஸ் வேலையைக் கெடுக்கும் என்ற பயம் நம்மிடையே இருக்கிறது. சட்டம் கொடுத்த வழியில் போனதைச் சொல்வதற்கு யாரும் கூச வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கம் உண்டு. சமரசத்தில் பணிநீக்கம் ராஜினாமாவாக மாற்றப்பட்டிருந்தால், ‘எப்போதாவது வேலையிலிருந்து நீக்கப்பட்டதுண்டா?’ என்ற கேள்விக்கு வெறுமனே ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். முதலில் நீக்கக் கடிதம் வந்ததையும், இன்ன தேதியின் உடன்பாட்டில் அது ராஜினாமாவாக ஏற்கப்பட்டதையும் இரண்டு வரியில் எழுதி, உடன்பாட்டின் நகலை இணையுங்கள். உடன்பாட்டில் இரகசியம் காக்கும் விதி இருந்தால், இணைக்கும் முன் அதை எழுதிக் கொடுத்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாளி போலீசில் புகார் கொடுத்திருந்தால்

ஊழியர் திருடியதற்கு 381-ஆவது பிரிவு, ஊழியர் நம்பிக்கை மோசடி செய்ததற்கு 408-ஆவது பிரிவு என்று குற்றவியல் சட்டத் தொகுப்பில் தனித்தனியாக இருக்கின்றன. பணம் குறைந்ததும் கடை முதலாளி கோபத்தில் அன்றிரவே நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிவிட்டு, மறுவாரம் கணக்கு சரியாகிவிட்டதும் மறந்துபோயிருப்பார். புகார் மறக்காது. வழக்கின் நிலை என்ன என்று கேட்கும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு புகார் கொடுத்தவருக்குத் தருகிறது. புகாருக்கு ஆளானவருக்கு அந்தப் பிரிவு உதவாது. அதனால் முதலாளியுடன் இன்னும் பேசும் நிலையில் இருந்தால், அவரையே நிலையத்துக்கு எழுதி நிலையைக் கேட்கச் சொல்லுங்கள். மேல்நடவடிக்கை இல்லை என்ற பதில் கிடைத்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம்வரை போய் விடுவிக்கப்பட்டவர்கள், முழு விடுதலையா அல்லது மீண்டும் குற்றஞ்சாட்ட இடம் வைத்த விடுவிப்பா என்பதை நீதிமன்ற ஆவணத்தில் பார்த்து, அதில் உள்ள சொற்களையே படிவத்திலும் எழுத வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் ‘பதிவை அழித்துத் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது’ என்று யாராவது வருவார். பணம் கொடுப்பவரும் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்கீழ் குற்றவாளியே. இருக்கும் சிறு கறையைத் துடைக்கப் போய்ச் சிறைவாசத்தை விலைக்கு வாங்காதீர்கள்.

எழுதுவதும் பேசுவதும்

விளக்கம் கேட்கும் இடத்தில் நான்கு செய்திகள் போதும்: என்ன நடந்தது, எப்போது, அதில் உங்கள் பங்கு என்ன, பிறகு என்ன செய்தீர்கள். முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு மலாயில் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

“2021 ஆகஸ்டில் நான் பினாங்கு மாநிலப் பிறையில் ஒரு கிடங்கில் சரக்கு எழுத்தராக இருந்தபோது, அம்மாவின் சிகிச்சைக்காக அனுமதி பெறாமல் நான்கு நாட்கள் வேலைக்குப் போகவில்லை. நிறுவனம் காரணம் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. 2021 செப்டம்பர் 6-இல் நீக்கப்பட்டேன். 2022 ஜனவரி முதல் இப்போதைய வேலையில் இருக்கிறேன். வருகைப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது.”

முதலாளி கொடுமைக்காரர் என்றோ, சக ஊழியர் மாட்டிவிட்டார் என்றோ இதில் ஒரு சொல்லும் இல்லை. அம்மாவின் சிகிச்சை காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் பதில் எழுதாத தவற்றை அதற்குப் பின்னால் ஒளித்துவைக்கவில்லை. படிவத்துடன் சத்தியப் பிரமாணம் கேட்கப்பட்டால் அது 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் செய்யப்படுவது; அதில் பொய் சொல்வது குற்றவியல் சட்டத் தொகுப்பின் 199-ஆவது பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. வேலை கிடைத்துப் பயிற்சியில் இருக்கும்போது அந்தப் பொய் வெளிப்பட்டால், பழைய தாமதத்துக்காகப் போகாத வேலை பொய்க்காகப் போகும்.

பழைய மேற்பார்வையாளரின் பெயரைக் கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். ‘அண்ணே, நான் போலீசுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். யாராவது கூப்பிட்டுக் கேட்டால், அந்த நான்கு நாள் விஷயத்தையும் உள்ளபடியே சொல்லுங்கள்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். நல்லபடியாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினால், அவர் மறைக்கப் போய் இரண்டு பேரின் கதையும் பொருந்தாமல் போய்விடும்.

நேர்முகத் தேர்வில் எழுதியதையே இரண்டு மூன்று வாக்கியங்களில் மலாயில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டால் மேலும் சொல்லலாம். பதற்றத்தில் நீட்டிக்கொண்டே போகிறவர்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுவார்கள். வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, ‘ஏன் பதில் எழுதவில்லை?’, ‘படையிலும் இப்படித்தான் செய்வாயா?’ என்று கடுமையாகக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

சமர்ப்பித்த படிவம், விளக்கம், இணைப்புகள் எல்லாவற்றின் நகலையும் ஒரே கோப்பில் வையுங்கள். இம்முறை தேர்வாகாமல், வயது வரம்புக்குள் இருந்து அடுத்த ஆள்சேர்ப்பில் மீண்டும் விண்ணப்பித்தால், தேதியும் முதலாளியின் பெயரும் வேலையை விட்ட காரணமும் முதல் படிவத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். முதல் படிவத்தில் ஏதாவது பிழையாக எழுதியிருந்தால், இரண்டாவது படிவத்தில் அதைத் திருத்துவதாகக் குறிப்பிட்டே திருத்துங்கள்.